கூழைக்கடாவுக்கு இமை கிடையாது

கூழைக்கடா அழுததைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா அடித்துச் சொன்னார். "அன்னிக்கு அதுக்கு மீனே கெடைக்கல பாரு, கண்ணுல தண்ணி முட்டிகினு நின்னுச்சு. எம்பொண்ணு அதப் பாத்துட்டு சோறே துன்னல." பக்கத்தில் நான் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். தண்ணீராவது முட்டுவதாவது! அதன் கண் ரெண்டும் கறுப்புக் கோட்டுப் பித்தான். மூட இமைகூடக் கிடையாது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம் மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே அசையாமல் வைத்திருந்ததுதான். மீதி அழுகையெல்லாம் பார்த்தவர்கள் அழுதது.

சின்னப் பிள்ளைகளுக்கான அந்த டிவி நிகழ்ச்சியில் எட்டு வருஷமாக அந்தப் பறவையை ஆட்டுகிறவன் நான். அதைப் பற்றி ஊரில் இருக்கிற கதைகளைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே கயிறு கட்டி இழுக்கிறார்கள் என்பார்கள். கயிறு எங்கே ஐயா இருக்கு? உள்ளே இருப்பது என் வலது கை. இல்லை இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் என்பார் படித்தவர். அதனோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்டு அதற்குப் புருஷனா, பிள்ளையா என்று கீழே கமெண்டில் பெரிய மனிதர்கள் மல்லுக்கு நிற்பார்கள். பறவைக்கும் நண்டுக்கும் இன்னா கல்யாணம் வேண்டிக் கிடக்கிறது? பசித்தால் அது நண்டைத் தின்னும்.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு குரல். கூழைக்கடாவுக்குப் பேசுகிற அம்மா சென்னையில் இருக்கிறார். நாங்கள் எடுத்து முடித்த பிறகு, படத்தைப் பார்த்துப் பேசி அனுப்புவார். தங்கமான மனுஷி, அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்கு அவர்தான் கூழைக்கடா. மாமல்லபுரத்து ரிசார்ட்டில் பிள்ளைகள் விழா என்றால் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஒருமுறை நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு, தனியாகப் பஸ் ஏறிப் படூருக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் போய்ச் சொல்லவும் ஆளில்லை. எரிச்சலாக இருந்தது, ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆட்டுவது நாங்கள்தான் என்று நாங்களாகச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அது அங்கே வழக்கம். பிள்ளைகள் கண்ணில் படும்படி பறவையைக் கையிலிருந்து கழற்றக் கூடாது, குப்புறப் போடக் கூடாது, 'பொம்மை' என்ற வார்த்தையே வரக் கூடாது. எங்களுக்குள் பேசும்போதுகூட, "தூங்க வெச்சாச்சா?" என்றுதான் கேட்போம். வெள்ளைத் துணி போர்த்தி அலமாரியில் வைத்தாகிவிட்டதா என்று அர்த்தம்.

பட்டிபுலம் பக்கத்தில் ஒரு பழைய கொட்டகைதான் ஸ்டுடியோ. சத்தம் விழும் என்று ஏசியை நிறுத்திவிடுவார்கள். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, மேஜைக்கு அடியில் போய், கையை மட்டும் மேலே நீட்டுவேன். என் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி இருக்கும். கேமரா பார்ப்பதை அதில் நான் பார்ப்பேன். மேலே என் கையை நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. டிவியைப் பார்த்தால்தான் பறவை யாரைப் பார்க்கிறது, எங்கே பார்க்கிறது என்று தெரியும். எதிரே பிள்ளைகள் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு அவர்கள் அந்தச் சின்ன டிவிக்குள்தான். கூழைக்கடா அவர்கள் கண்ணுக்குள் பார்க்கும். நான் கீழே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "மூஞ்சியப் பாத்துப் பேசவே மாட்டியா நீ?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பாத்துக்கினுதானே இருக்கேன் என்பேன், தரையைப் பார்த்துக்கொண்டே. நாங்கள் பிரிந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. ஆனால் அதுவும் ஒன்று. இப்போது அவள் மகளோடு செங்கல்பட்டில். நான் படூரில், ஒற்றை அறையில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் எனக்கு. காலையில் போய் அழைத்து, எங்கேயாவது நாஸ்தா வாங்கிக் கொடுத்து, வேடந்தாங்கலோ கடற்கரையோ சுற்றிவிட்டு, சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். வாரத்தில் நான் மனிதனாக இருப்பது அந்த ஒரு நாள்தான்.

மகளுக்கு ஏழு வயது, ரெண்டாம் வகுப்பு. என்னை அத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிறு, வழக்கத்தை மீறி, "அந்தக் கூழைக்கடா அத்தாதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். யாராவது ஒருத்தருக்காவது தெரியட்டுமே என்றிருந்தது. அவள் அதை வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டாள். "எங்கத்தாதான் கூழைக்கடா." யார் நம்புவார்கள்? அது பொம்பளைக் குரல், உங்கத்தா எப்படி அதுவாக முடியும் என்று மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிப் போய்விட்டாளாம். 'பொய் பேசுகிறாள், பெற்றோர் வந்து பார்க்கவும்' என்று டைரியில் மிஸ் எழுதி அனுப்பினார்.

அவள் அம்மா போன் போட்டாள். "நீயே போய்ச் சொல்லு. உன் பறவையால வந்த பேஜாரு. மூணு நாளா புள்ள சரியாத் துன்றதில்ல, தூங்கறதில்ல. இஸ்கூலுக்கே போமாட்டேங்குது."

ஒரு நாளைக்குப் பறவையைக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். "அண்ணாத்த, அது கொட்டகையத் தாண்டாது. ஒனக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்ததுதான். ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸ் வாங்கி, ஒன்றில் ரெண்டு கறுப்புப் பித்தான் தைத்தேன். பரவாயில்லை, கை என் கைதானே, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று திமிர் வேறு.

மிஸ் நல்ல மாதிரிதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நீங்களே பசங்களுக்குக் காட்டிடுங்க சார், முடிஞ்சுபோச்சு" என்று வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது பிள்ளைகள் இருக்கும். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு என்று பிற்பாடு மிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் மேஜைக்குப் பின்னால் குந்தினேன். கையை உயர்த்தினேன். உயர்த்தின உடனே, எட்டு வருஷப் பழக்கம், கண் தானாகக் கீழே போய்விட்டது. கீழே டிவி இல்லை. சிமெண்டுத் தரையும் ஒரு சாக்பீஸ் துண்டும்தான் இருந்தது. கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. எழுந்து பார்த்தால் ஆச்சு. ஆனால் ஆட்டும்போது தலையை நீட்டுவது எங்களில் யாருக்கும் வராது, கழுத்து நிமிராது. அப்படியே ஆட்டினேன்.

"மிஸ், அது ஜன்னலப் பாக்குது மிஸ்."

"சாக்ஸு மிஸ் அது!"

"பேசவேயில்ல!"

பேசினேன். பேசியே பழக்கமில்லாத தொண்டையிலிருந்து சென்னையில் இருக்கிற அந்த அம்மாவின் குரல் மாதிரி ஏதோ வரவழைக்கப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி வந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. அல்லாவே, நான் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைச் சாய்க்கிறேன், நிறுத்துகிறேன், திருப்புகிறேன், அவ்வளவு வித்தையும் காட்டுகிறேன், ஜன்னலுக்கு.

அப்போது பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் என் மகளின் குரல்.

"மிஸ், நான் பொய்தான் மிஸ் சொன்னேன். எங்கத்தா அந்தக் கம்பெனில வேல செய்றாரு. அவ்ளோதான். சாரி மிஸ்."

சிரிப்பு நின்றது. மிஸ், "சரி உக்காரு, இனிமே சொல்லக் கூடாது" என்றார். பக்கத்தில் இருந்து எழுந்து போன பெண் திரும்பி வந்து உட்கார்ந்ததாகவும் மிஸ்தான் பிற்பாடு சொன்னார். நான் சாக்ஸைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிள்ளைகள் எதிரில் கழற்றக் கூடாது என்பதுகூட அப்போது நினைவில்லை.

மணி அடிக்கும்வரை கேட்டருகில் நின்றேன். கோபம் கோபமாக வந்தது. சிரித்த பிள்ளைகள் மேல் இல்லை, அவள் மேல். உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சி, அதுவும் போய்விட்டதே என்று. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். "ஏன் அப்படிச் சொன்ன? நான்தான்னு ஒனக்குத் தெரியும் இல்ல? இன்னாத்துக்கு அத்தாவ விட்டுட்ட?"

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"கூழைக்கடா எல்லாரையும் பாக்கும் அத்தா. டிவில என்னையக்கூடப் பாக்கும். நீ பாக்கவேயில்ல. நான் கையெல்லாம் ஆட்டினேன், இங்கேருக்கேன் இங்கேருக்கேன்னு. நீ கீழயே பாத்துகினு இருந்த." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இப்பகூடத்தான்" என்றாள்.

அங்கேயே, சைக்கிள்களுக்கு நடுவில், முட்டி போட்டு உட்கார்ந்தேன். கழுத்தைப் பிடித்து யாரோ நிமிர்த்துகிற மாதிரிக் கஷ்டப்பட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது, வாயைத் திறந்து சிரித்தாள். மேல்வரிசையில் நடுப்பல் இல்லை.

"ஐயோ, பல்லு விழுந்துடுச்சா? எப்பம்மா?"

"ஐயே! அது விழுந்து எவ்ளோ நாளாச்சு. நோம்புக்கு முன்னாடியே விழுந்துச்சு." விரலை வைத்துக் காட்டினாள். "இது புதுசு. மொளைச்சுக்கினு கீது, பாரு."

பார்த்தேன். ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு விளிம்பு வந்திருந்தது. நோன்புக்கு முன்பிருந்து எத்தனை ஞாயிறு ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிறுகூட நான் விடாமல் போயிருந்தேன்.