பின்கொடியில் காயும் சட்டை

இல்ல ஜெயா, தனத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், அத நான் இல்லன்னு சொல்லல... ஆனா என் மக புவனாவோட வாழ்க்கைய கெடுத்தது தனம் இல்ல. நான்தான்!

ஆமாலா. நான்தான். பெத்தவதான்.

நீ இப்ப குடியிருக்கியே, அந்த வீட்லதான் தனம் இருந்தா. இந்த லைன்ல யாரைக் கேட்டாலும், "தனம் போன்ல ஏதோ உளறிட்டா, அதனாலதான் புவனா தனியா ஆஸ்திரேலியா போகவேண்டியதாச்சு"ன்னு சொல்லுவாங்க. நீயும் அதைக் கேட்டுட்டு வந்துதானே இப்ப என்கிட்டயே சொல்ற? உக்காரு. அந்த முறுக்கு டப்பாவ இந்தப் பக்கம் தள்ளு. பல்லு போயிருச்சே தவிர முறுக்கு போகல, டீயில நனைச்சிக்குவேன்.

முன் ரூம்ல இருக்காரே சேவியரு... வாடகைக்கு இருக்கறவருன்னு உன்கிட்ட சொன்னேன்ல? அது பொய். அப்ப பொய். இப்ப என்னன்னு எனக்கே தெரியல! அதான் எனக்குக் குழப்பமே.

சேவியரு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் புள்ள. நாங்களும் அங்கதான் இருந்தோம். அவங்க வேதக்காரங்க, நாங்க மாரியம்மன் கோயில்காரங்க, ஆனா ஒரே குழாய்ல தண்ணி புடிச்சவங்க. அவங்க அம்மா கிறிஸ்மஸுக்கு ஒரு கேக்கு செய்வாங்க பாரு... சரி, அது எதுக்கு இப்ப.

சேவியருக்கு ஒரு கல்யாணம் ஆச்சு. அந்தப் பொண்ணு எங்கயோ போயிருச்சு. எங்கன்னே தெரியல. ஆளே இல்லாம கோர்ட்டுல எப்படிப் பிரிச்சி விடறது? கேசு இழுத்துச்சு, இழுத்துச்சு... அப்படி இழுத்துச்சு. அதுக்குள்ள என் மகளும் அவரும் பழகிட்டாங்க. புவனா நர்சு. தன் சம்பளம், தன் புத்தி. என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் கிள்ளான்ல இந்த வீட்டுக்கு வந்தோம்ல, ஒரு ஞாயித்துக்கெழமை அவரை மோட்டார்ல பின்னாடி உக்கார வச்சி இவ ஓட்டிட்டு வந்து எறங்கறா!

"அம்மா, இவரு இனிமே நம்மளோடதான் இருப்பாரு."

தாலி இல்ல, ஒண்ணும் இல்ல! நான் என்ன பண்ணுவேன் சொல்லு? அவரு நல்லவரு. அது என் கண்ணுக்கே தெரியுது. என் மக சிரிச்ச மொகத்தோட நிக்குறா. அடிச்சி வெரட்டவா முடியும்? அன்னைக்குக் கேட்டை சாத்தறதுக்குள்ள எதுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாரும்மா இது?"ன்னா. "ரூம் வாடகைக்குக் குடுத்திருக்கோம்"னு வாயில வந்துருச்சு. வந்ததைப் புடிச்சிக்கிட்டேன்.

அதுக்கு அப்புறம் பாரு என் கெட்டிக்காரத்தனத்தை! புவனா துணி முன்னாடி கொடியில காயும். சேவியர் சட்டை பின்னாடி கொடியில காயும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தொங்கவே விடமாட்டேன். அவரு செருப்பு பக்கவாட்டுல. சொந்தக்காரங்க வந்தா அவரு மோட்டாரை எடுத்துட்டு டீக்கடைக்குப் போயிருவாரு. நான் கண்ணைக் காட்டினாலே போதும், போயிருவாரு. ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல.

தனத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவ வீட்டு சமையக்கட்டு ஜன்னல் நமக்கு நேரா இருக்கே, எதை மறைக்க முடியும்? அவ சிரிப்பா. "அம்மா, உங்க வாடகைக்காரரு உங்க மகளுக்கு வெங்காயம் உரிச்சிக் குடுக்கறாரே, இது எந்த ஊரு வாடகை?" அப்படின்னு கேப்பா. நல்லவ ஜெயா அவ. வாய்தான் நீளம், மனசு இல்ல.

இப்படி இருக்கப்பதான் புவனாவுக்கு ஆஸ்திரேலியாவுல வேலை கெடைச்சுது. சேவியரையும் கூட்டிட்டுப் போகலாமாம். கல்யாணம் ஆகலன்னாலும் பரவாயில்லையாம்! ரெண்டு பேரும் நெசமாவே குடும்பமா வாழறாங்கன்னு காட்டினா போதுமாம்.

காட்டணுமாம்! நான் இத்தனை வருசம் மறைச்சதை!

போட்டோ வேணும்னு பிஸ்கட் டின்னைக் கொட்டி ரெண்டு பேரும் தேடறாங்க. எங்க இருக்கும்? யாரு கேமரா எடுத்தாலும் நான்தான் சேவியரை நகத்தி விடுவேனே. ஜொகூர்ல இருக்கானே என் மகன், அவன் கல்யாண போட்டோவுல ஓரத்துல ஒரு முழங்கை மட்டும் இருந்துச்சு. அது சேவியர் முழங்கை.

"இந்த முழங்கையைக் காட்டி விசா வாங்கவாம்மா?"ன்னு புவனா கத்தறா.

அவரு அந்தப் போட்டோவை வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "நல்லாத்தான் விழுந்திருக்கு"ன்னாரு. மூணு பேரும் சிரிச்சோம். நான்தான் ரொம்ப சிரிச்சேன்.

கடைசியா, அவங்களைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரைச் சொல்லணும்னாங்களாம். ஒண்ணு தனம். ஒண்ணு நான். "அம்மா, அந்த விசா ஆபீசுலேர்ந்து போன் வரும். உள்ளதைச் சொல்லு. அவரு எனக்கு யாருன்னு உள்ளபடி சொல்லிடு, அவ்ளோதான்"னா புவனா.

"அடி போடி, எனக்கா சொல்லித் தர்ற"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? குவார்ட்டர்ஸ்ல இருக்கறப்ப, எந்த வீட்டுப் பொண்ணுக்கு சம்பந்தம் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்கிட்டதான் விசாரிக்க வருவாங்க. செராஸ்லேர்ந்து வருவாங்க, பந்திங்லேர்ந்து வருவாங்க. "பொண்ணு எப்படிங்க? யார்கூடயாவது பேச்சு உண்டா?"ன்னு மெதுவா கேப்பாங்க. நான் சொல்ற ஒரு வார்த்தையிலதான் இருக்கு. தலை நிமிந்து நடக்காத பொண்ணுன்னு சொல்லுவேன். பஸ் ஸ்டாண்டுல பையன்கூட நின்ன பொண்ணைக்கூட அப்படித்தான் சொல்லுவேன்! எத்தனை பொண்ணு என் வாயால வாழுது தெரியுமா? ஒரு புள்ள இன்னும் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புது.

போன் வந்துச்சு. மத்தியானம். வீட்ல நான் மட்டும். ஒரு பொம்பளை, சிலோன் தமிழ். தேன் மாதிரி பேசுது. பின்னால ஒரு வெள்ளைக்காரன் குரல். அவன் கேக்கறான், இது தமிழ்ல சொல்லுது.

"அம்மா, சேவியர் எண்டவர் உங்கட வீட்டில ஆரா இருக்கிறார்?"

விசாரணை! என் மகளைப் பத்தி விசாரணை! அதுவும் அந்த நாட்டுலேர்ந்து!

"ரூம் வாடகைக்கு இருக்காருங்க. தங்கமான மனுசன்."

"அவர் எங்க படுக்கிறவர்?"

என்ன கேள்வி பாரு இது! "முன் ரூம்லங்க. என் மக என்கூட உள்ள படுத்துக்கும்."

"அவையள் ரெண்டு பேரும் புருசன் பெஞ்சாதி மாதிரியோ இருக்கினம்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா."

"ஐயய்யோ! அப்படிப்பட்ட பொண்ணு இல்லீங்க என் பொண்ணு! அவரை அண்ணன் மாதிரி நெனைக்கறா!"

அண்ணன் மாதிரி... அதையும் சொன்னேன் ஜெயா. அது யாரு கேட்டா? யாருமே கேக்கல. நானா சொன்னேன்.

அந்தப் பொம்பளை நான் சொன்னதை வெள்ளைக்காரன்கிட்ட சொல்லுச்சு. அப்புறம், "நிச்சயமாவோ அம்மா?"ன்னு கேட்டுது. பாவம், அது எனக்கு வழி விட்டுருக்கு, எனக்குத்தான் வெளங்கல. "கோயில்ல கூட சத்தியம் பண்றேன்"னேன்!

போனை வச்சிட்டு எவ்ளோ சந்தோசம் தெரியுமா எனக்கு! மகளோட மானத்தைக் காப்பாத்திட்டேன்னு நெய்யைத் தாராளமா விட்டு கேசரி கிண்டினேன். வேலை முடிஞ்சி வந்து ரெண்டு பேரும் தின்னாங்க. "என்னம்மா விசேசம்?"னு கேட்டா. "சும்மாதான்"னேன். சேவியரு ரெண்டு தடவை வாங்கித் தின்னாரு.

பதில் வந்துச்சு. புவனா போகலாம். சேவியர் போகமுடியாது. குடும்பமா வாழறாங்கன்னு நம்ப முடியலையாம், விசாரிச்சதுல ஒரு ஆளே அவரு வெறும் வாடகைக்காரருன்னு சொல்லிட்டாங்களாம்.

அப்பதான்... அப்பதான் எனக்கு வெளங்குச்சு! மானமா இருக்கறது தப்பா போற நாடும் ஒண்ணு இருக்கும்னு யாரு கண்டா?

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள புவனா பின்பக்கம் ஓடிட்டா. வேலிகிட்ட நின்னு கத்தறா. "நீங்கதானே அக்கா! சும்மா இருக்கமாட்டீங்களே! உங்க வாயால என் வாழ்க்கையை முடிச்சிட்டீங்களே!"

தனம் ஈரக் கையோட வெளியே வந்தா. "நான் இல்ல புவனா! நான் நல்லபடியாதான்மா சொன்னேன்! வெங்காயம் உரிச்ச கதையைக்கூட சொன்னேன்!"

"வேற யாரு? எங்கம்மாவா சொல்லுவாங்க?"

தனம் என்னைப் பாத்தா. நான் கீழ உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டு இருக்கேன். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா"ன்னா.

நான் கீரைய உருவினேன்.

அவ்ளோதான் ஜெயா. தலையைத் தூக்கல. காம்பை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் போட்டேன். அன்னைக்குப் போல சுத்தமா நான் கீரை ஆஞ்சதே இல்ல.

சொல்லியிருந்தா, திரும்ப எழுதிப் போட்டிருக்கலாம். "எங்கம்மாவுக்கு வெவரம் தெரியல, பயந்துட்டாங்க"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன் சொல்லல? மக மொகத்துக்குப் பயந்தா? இல்ல... இரு, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

போனை வச்சப்ப ஒரு சந்தோசம்னு சொன்னேன்ல. அது எந்த சந்தோசம்? மானம் நின்ன சந்தோசமா? இல்ல, ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்ல நான் மட்டும் ஒரு கோப்பை டீயைப் போட்டுட்டு உக்காந்திருக்கணுமேன்னு... அதுவா? புவனா, "உள்ளபடி சொல்லு"ன்னு சொல்லிட்டுத்தானே போனா? எனக்குக் காது கேக்காதா? தெரிஞ்சே சொன்னேனா, தெரியாம சொன்னேனா? சாமி முன்னால நின்னு கேட்டுப் பாத்துட்டேன். ஒரு நாள் இப்படித் தோணுது, ஒரு நாள் அப்படித் தோணுது. எனக்கே தெரியல மா!

"நீ போ, நான் பின்னாடியே வந்துடறேன்"னு சுபாங் ஏர்போர்ட்ல சேவியரு சொன்னாரு. அவ அழுதுகிட்டே போனா. முதல்ல ஞாயித்துக்கெழமை தவறாம போன் வரும். அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. அப்புறம் தீபாவளிக்கு. கடைசியா ஒரு வழியா கோர்ட்டுல கேசு முடிஞ்சுது. இவரு ஓடி வந்து அவளுக்குப் போன் போடறாரு. நான் கதவுகிட்ட நிக்கறேன். "ம்..."ங்கறாரு. "ம்... புரியுது..."ங்கறாரு. "உன் இஷ்டம் புவனா, நீ நல்லா இருந்தா சரி"ன்னு வச்சிட்டாரு. வெளிய போயி மோட்டாரைக் கழுவினாரு. அன்னைக்குக் காலையிலதான் கழுவியிருந்தாரு. மறுபடியும் கழுவினாரு.

புவனா இப்ப அங்க வேற ஒருத்தர்கூட இருக்கா. நல்லவராம். பேரப்புள்ள போட்டோ அனுப்பியிருக்கா, இரு, அப்புறம் காட்டறேன், கன்னத்தைப் பாத்தா கடிக்கலாம்போல இருக்கும்!

சேவியரு இந்த வீட்டை விட்டுப் போகல. "நீங்க தனியா இருக்கீங்களேம்மா"ன்னாரு. கிளினிக்குக் கூட்டிட்டுப் போறது அவரு. மீன் வாங்கிட்டு வர்றது அவரு. இப்ப மாசம் பொறந்தா வாடகைன்னு மேசையில வச்சிட்டுப் போறாரு. வேணாம்னா கேக்கமாட்டேங்கறாரு. நான் சொன்ன பொய்ய அந்த மனுசன் நெசமாக்கிட்டு இருக்காரு. அவருக்குத் தெரியாது. தனம்தான்னு இன்னும் நெனைச்சிட்டு இருக்காரு.

தனம் வீட்டைக் குடுத்துட்டு பந்திங் போயிட்டா. போன மாசம் மஸ்ஜித் இந்தியாவுல துணிக்கடை வாசல்ல பாத்தேன். நான் மொகத்தைத் திருப்பலாம்னு பாக்கறேன், அவளே ஓடி வந்து கையைப் புடிச்சா. "நல்லா இருக்கீங்களாம்மா? புவனா எப்படி இருக்கா? என் மேல கோவம் போயிருச்சா அவளுக்கு?"

"போயிருச்சு, போயிருச்சு"ன்னேன்.

அப்பவும் சொல்லல ஜெயா! கையைப் புடிச்சிட்டு நிக்கறா, அப்பவும் சொல்லல! உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்? நீ அவ வீட்ல குடியிருக்கற. அந்த ஜன்னல்ல உன் தலை தெரியறப்பல்லாம் தனம்னு நெனைச்சி எனக்குத் திக்குங்குது. அதுக்குத்தானோ என்னவோ.

ஏய்... தூறுதா? அட மழை! கொடியில துணி கெடக்கு! இரு இரு, பின்னாடி இருக்கறதை முதல்ல எடுக்கணும், நாளைக்கு வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை.

என்ன பாக்கற? ஆமா, அவரு சட்டை இன்னும் பின்கொடியிலதான். முன்கொடி காலியாத்தான் கெடக்கு... யார்கிட்ட மறைக்கறேன்னு கேக்காத. புடி, அந்தக் கூடையைப் புடி, மோட்டார் சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு. வாயைத் தொடைச்சிக்க. ஒண்ணும் பேசாத!