இடப்பக்கம் சாயும் தையல்

பழைய நாற்காலி வாங்குகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பார்கள். எஃகுக் குழாயை வளைத்து, பின்னங்கால் வைக்காமல், தோலை இழுத்துக் கட்டிய எண்பது தொண்ணூறு வருடத்து நாற்காலிகள் அவை. அவற்றைச் சேகரிக்கிறவர்களுக்கு இடக்கையின் பேச்சுதான் வேதவாக்கு. இடது கையால் தோல் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர். அவள் தொட்டுப் பார்த்து "அசல்" என்றால் அசல். பதினெட்டு வருடமாக அந்த ஒரு சொல்லில்தான் பிழைப்பு ஓடுகிறது.

அன்று அவளுடைய அக்கா வீட்டுக்காரரின் பழம்பொருள் கடை மேசைமேல் அப்படி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வாங்க வந்திருந்தவர் ஒரு கண் டாக்டர். இடக்கை குழாயைத் தட்டினாள். நிக்கல் பூச்சு தேய்ந்த இடங்களைத் தடவினாள். சட்டத்தில் குறையே இல்லை. பிறகு தோலின் மடிப்புக்குள் விரலை விட்டாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இடது கையால் போட்டால்தான் அப்படிச் சாயும்; அது அவள் கைத் தையல். வேலை பழகிய நாளில், அன்றைய முதலாளி சொன்னபடி புதுத் தோலைத் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டு, வெயிலில் காட்டிக் கிழடாக்கித் தைத்தது அவளேதான். அவர் அதை அசல் என்று விற்பார் எனத் தெரியாமலா தைத்தாள்? நன்றாகத் தெரியும். இப்போது வாயைத் திறந்தால், போலி செய்தவளா நமக்கு அசல் பார்த்துச் சொன்னாள் என்று காறித் துப்புவார்கள். திறக்காவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது.

"என்னம்மா இவ்ளோ நேரம்? அசல்தான்னு சொல்லேன்," என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"சட்டம் அசல் மாமா. தோல் இல்ல."

"என்ன உளர்றே?"

"நான்தான் தைச்சேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இந்த நுணல் குளத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

டாக்டர் நம்பவில்லை. அவள் ஒரு துண்டுத் தோலை எடுத்து, அவர் எதிரிலேயே நாலு தையல் போட்டாள். ஊசி விரலில் ஏறியது. அவர் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மாதிரி எத்தனை தைச்சீங்க?"

"ஆறு."

"மத்த அஞ்சும் எங்க?"

"தெரியாது சார்."

"ரெண்டு என் வீட்டுல இருக்கு. இதே சாய்வு. பழைய காலத்துக் கைன்னா அப்படித்தான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன். பத்து வருஷமா அதுல என் பொண்டாட்டியைக்கூட உட்கார விட்டதில்ல."

இடக்கை தலை குனிந்து நின்றாள். அவமானம் பிடுங்கித் தின்றது. டாக்டர் நாற்காலியைத் தூக்கித் தரையில் நிமிர்த்தி வைத்தார்.

"உட்கார்ந்தா தையல் விட்டுப் போயிடுமா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"போகாது சார். நான் தைச்சது."

டாக்டர் உட்கார்ந்தார்.