கோமதி என் மகளோடு வந்த நாள்

சென்ற வியாழக்கிழமை ஓமன் நாட்டுச் சலாலாவிலிருந்து பழைய அலுவலக நண்பர் அழைத்தார். "கோமதி போயிட்டாங்க சார். லீவுக்கு ஊருக்குப் போன இடத்துல மாரடைப்பு." நான் இப்போது வேலை மாறி துபாயில் இருக்கிறேன். அங்கே நம்மோடு இருந்த பழைய அலுவலக நண்பர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

கோமதி திருநெல்வேலிக்காரர். சலாலாவில் நம் கட்டுமான நிறுவனத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவர். அதிர்ந்து பேசமாட்டார், பேச வேண்டியதை விடவும் மாட்டார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை, மகளின் அனுமதியோடு சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு சலாலாவில் இருந்தபோது, என் மனைவி தன் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக மதுரைக்குப் போயிருந்தாள். மகள் நித்யா பன்னிரண்டாம் வகுப்பு. ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை என்பதை மனைவி போனில் சொல்லித்தான் அறிந்தேன். "லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். நித்யாவோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகாத பெண்ணை மகப்பேறு கிளினிக்கில் யாராவது பார்த்தால் என்ன பேசுவார்களோ என்று எனக்கும் பயம்.

வேறு வழி தெரியாமல் கோமதியிடம் சொன்னேன். அன்று டூட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் நித்யாவோடு உட்கார்ந்து, கடைசியாக விலக்கான தேதிகளை ஒரு தாளில் எழுத வைத்தார்.

"ஸ்கேன் எடுப்பாங்க, வயித்து மேலதான். தண்ணி நெறைய குடிச்சிட்டு வரணும். வேற ஏதாவது டெஸ்ட் சொன்னா எதுக்குன்னு கேளு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்."

"நீங்க கூட வருவீங்களா ஆன்ட்டி?"

"வாரேன்."

மறுநாள் கிளினிக்கில் படிவத்தை நிரப்பியது நான்தான். பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். கோமதி என் கையிலிருந்த படிவத்தை வாங்கி நித்யாவிடம் கொடுத்தார். "நீங்க இங்கன இருங்க சார். அவ உடம்பு, அவ சொல்லட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நித்யாவின் முகத்தைப் பார்த்ததும், அவளும் அதைத்தான் விரும்புகிறாள் என்று புரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தவள் லேசாகச் சிரித்தாள். தைராய்டு குறைபாடு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரையில் சில மாதங்களில் சரியானது.

ஏன் இவ்வளவு செய்தீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமியார் என்னைய இப்படித்தான் லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க சார். டாக்டர் கேட்டதுக்கெல்லாம் அவங்களே பதில் சொன்னாங்க. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல." சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்துகொண்டார்.

இப்போது சென்னையில் இருக்கும் நித்யாவிடம் செய்தியைச் சொன்னபோது அழுதாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு டாக்டர்கிட்ட நான் என்ன கேட்டேன்னு ஆன்ட்டி உங்ககிட்ட சொன்னாங்களாப்பா?"

"இல்லம்மா. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல."

என்ன கேட்டாள் என்று நானும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருக்க எனக்குத் தெரிந்தது கோமதியால்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.