மூன்று முறை பூட்டிக் கிடந்த வீடு

கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டாம் நாள் காலையில் தெருமுனைக் கடையில் பால் வாங்க நின்றேன். கடைக்கார அண்ணாச்சி பாக்கெட்டைக் கையில் தராமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"சார், உங்க கோயில் மைக்ல அன்னைக்குச் சாயங்காலம் செத்தவுக பேரெல்லாம் வாசிச்சாவ. செலஸ்தீன் அக்கா பேரும் வந்துச்சு. நேத்து அந்த அக்காட்ட இருந்து எனக்குப் போன் வருது, அரைக் கிலோ சீனியும் ஒரு ரொட்டியும் கொடுத்துவிடுங்கன்னு. நான் யார்ட்ட பேசுனேன்னு கொஞ்சம் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தப் பெயரை இறந்தவர்கள் லிஸ்டில் எழுதிக் கொடுத்தவன் நான்.

1. பன்னிரண்டு வீடு

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணி, டேலி ஷீட்டில் கோடு போட்டு, ஷிஃப்ட் முடியும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஊரில் எல்லாருக்கும் நான் போர்ட் சார். ரிட்டயர் ஆன மறு வருடம் மனைவி இறந்துவிட்டாள். மகன் கனடாவில் இருக்கிறான். பங்குச் சாமியார் ஒரு நாள் பூசை முடிந்ததும் என்னைப் பிடித்து நிறுத்தி, நோயாளர் சந்திப்புக் குழுவில் சேருங்கள் என்றார். இரக்கப்பட்டுச் சேர்ந்தேன் என்று பல இடத்தில் பீற்றியிருக்கிறேன். அது பொய். வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டியிருந்தது, அதனால் சேர்ந்தேன்.

குழுவில் ஏழு பேர். பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற மெர்சி டீச்சர்தான் தலைவி. ஆளுக்கொரு பகுதி. படுக்கையில் கிடப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போய் விசாரித்து, ஜெபம் சொல்லி வர வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளியன்று சாமியாரே அவர்களுக்கு நன்மை கொண்டு வருவார். பூசையில் தருகிற நற்கருணை அப்பத்தை எங்கள் கடற்கரைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சாமியாரை வீடு வீடாகக் கூட்டிப்போவதும் எங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆளாளுக்கு ரிப்போர்ட் வாசிப்போம்.

எனக்கு முன்னால் அந்தப் பகுதியைப் பார்த்தவர் ஒரு காலையில் நாலு வீடுதான் போவாராம். அவர் காப்பி குடிப்பார், கதை கேட்பார். நான் பன்னிரண்டு வீடு போனேன். வீட்டுக்கு ஏழு நிமிடம். வண்டியை நிறுத்துவது, எப்படி இருக்கீய என்று கேட்பது, ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம், ரிஜிஸ்டரில் டிக், அடுத்த வீடு. உட்காரவே மாட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்பது என் கணக்கு. கூட்டத்தில் பன்னிரண்டு என்று வாசித்துவிட்டு மற்றவர்கள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

செலஸ்தீன் அக்கா என் லிஸ்டில் ஒன்பதாவது வீடு. எழுபத்தெட்டு வயது. கணவர் கடலில் சங்கு குளித்தவர், இறந்து ரொம்ப காலம் ஆகிறது. ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போவான். நாலு வருடம் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அவரைப் பற்றி எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது.

2. ஆறு பெயர்

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீடு பூட்டியிருந்தது. அடுத்த வாரமும் பூட்டு. மூன்றாவது வாரமும் பூட்டு. மூன்று முறை பூட்டியிருந்தால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட ரூல். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் ஐந்து நிமிடம் போய்விடுமே! ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டேன்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு மணப்பாட்டில் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார். அக்டோபர் நடுவில் வாக்கரோடு திரும்பி வந்திருக்கிறார். இதெல்லாம் எனக்கு நவம்பரில்தான் தெரியும். அவர் திரும்பி வந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாசலைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் கடைசியில் மெர்சி டீச்சர் போன் செய்தார். இந்த வருடம் உங்கள் பகுதியில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க வேண்டும் என்றார். ரிஜிஸ்டரைத் திறந்தேன். கோடு விழுந்த பெயர்கள் ஆறு இருந்தன. ஆறையும் வரிசையாக எழுதினேன். ஐந்து பேருடைய அடக்கத்துக்கு நானே போயிருக்கிறேன். ஆறாவது பெயரை எழுதும்போது கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. கூட்டத்தில் டீச்சர் அந்த லிஸ்டைச் சத்தமாக வாசித்தார். செலஸ்தீன் அக்காவுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவரும் எங்கள் ஏழு பேரில் ஒருவர். எல்லாரும் தலையை ஆட்டினோம்.

எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. கல்லறைத் திருநாள் மாலைப் பூசையில் பெயர் வாசிக்க வாசிக்க, இறந்தவருடைய வீட்டார் ஒருவர் எழுந்து வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்திப் பீடத்துக்கு முன்னால் வைப்பார். வர ஆளில்லாதவர்களுக்கு எங்கள் குழுவில் ஒருவர் கொளுத்துவார். செலஸ்தீன் அக்காவின் பெயர் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் போய்க் கொளுத்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். கோயில் நிறையக் கூட்டம். ஐயோ, அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில் முகட்டில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. அவர் வீடு அங்கிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது.

3. ஜன்னல்

அண்ணாச்சி கடையிலிருந்து நேராக அங்கேதான் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. ஹாலில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருந்தன. ஒன்றில் அக்கா உட்கார்ந்திருந்தார், எதிரில் வாக்கர்.

அவர் பேசும் முன் நான் முந்திக்கொண்டேன். கோயில் ஆபீசில் டைப் அடிக்கிற பிள்ளை லிஸ்டைக் குழப்பிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பெண் பாவம், நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அடித்தாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பேரக் கேட்டதும் மொதல்ல திக்குன்னு இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், சரி, இனி ஆளுக வருவாவன்னு. எப்பச் செத்தா, நமக்குத் தெரியாமப் போச்சேன்னு துட்டி கேக்க நாலு பேராவது வருவாவள்லா. நல்ல சேலையா எடுத்துக் கட்டுனேன். இந்த நாற்காலியெல்லாம் ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டேன். நான் எப்பச் செத்தேன்னு கேக்கக்கூட ஒருத்தரும் வரல, சார்."

அந்த நாற்காலி ஒன்றில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரே திருத்திச் சொல்லிவிடுவார் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். சொன்னால் பரிதாபப்பட்டு ஒரு நாள் எல்லாரும் வருவார்கள், அடுத்த வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அந்த ஒரு நாள் தனக்கு வேண்டாம் என்றார். மறுநாள் முதல் வெள்ளி, சாமியார் நன்மை கொண்டு வருவார் என்று நினைவுபடுத்தினேன்.

"செத்தவளுக்கு எதுக்கு நன்மை? டிக் போட்டுட்டுப் போங்க, போர்ட் சார்."

சொன்ன மாதிரியே மறுநாள் கதவைத் திறக்கவில்லை. சாமியார் நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றார், பிறகு திரும்பினார். மற்ற வீடுகளை முடித்துவிட்டுச் சாமியார் தங்கும் பங்களாவுக்கு வந்ததும், நான் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க விலகிட்டா அந்த வீட்டுக்கு யாரு போவா?" என்றார் சாமியார். "விழுந்து எழும்புன உடம்பு. கிறிஸ்மசுக்குள்ள அவங்க நன்மை வாங்கணும். அதுக்குள்ள ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அது உங்க தலையிலயும் என் தலையிலயும்தான்."

எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்கக் கோயிலே கதியென்று இருந்த ஒரு மனுஷி, நான் போட்ட கோட்டால் நன்மை வாங்காமலே கண்ணை மூடிவிடுவாரோ என்று சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளியன்று முதல் ஆளாக அங்கே போனேன். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் திறந்தது. "இருக்கேன். எழுதிக்கிடுங்க" என்றார், சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்று ஜெபம் சொன்னேன். உள்ளே டிவி சத்தம் கூடியது. அதற்கடுத்த வாரம் பேக்கரியில் கேக் வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தேன். மறு வாரம் போனபோது அது அங்கேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது. மெர்சி டீச்சரும் ஒரு நாள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். பதிலே இல்லை.

அந்த நாட்களில் என் வீட்டில் உட்கார்ந்து ஒன்று யோசித்தேன். மனைவி போன பிறகு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் அடுப்படி வரை வருவார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வாசலோடு போய்விடுவார். வேறு யாரையும் ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. என் பெயரை மைக்கில் வாசித்தால் யார் திடுக்கிடுவார் என்றும் யோசித்தேன். மகனுக்கு அது கேட்காது. துறைமுகத்தில் என்னோடு நின்றவர்கள் முத்தையாபுரம், சாகுபுரம் என்று சிதறிக் கிடக்கிறார்கள், போன் பேசியே வருடக்கணக்கில் ஆகிறது. அன்றைக்கு நான் அழுதேன். பாதி அந்த அக்காவுக்காக, பாதி எனக்காக.

4. டிசம்பர் மூன்றாவது வெள்ளி

கிறிஸ்மசுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அன்று ரிஜிஸ்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஜன்னல் வழக்கம்போலப் பாதி திறந்தது. அவர் சாத்துவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"அக்கா, டைப் அடிச்ச பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. உங்க பேர ரிஜிஸ்டர்ல கோடு போட்டு அடிச்சது நான். செத்தவுக லிஸ்ட்ல எழுதுனதும் நான். உங்க பேருக்கு மெழுகுதிரி கொளுத்துனதும் நாந்தான். கொளுத்தும்போது உங்க முகம் எனக்கு ஞாபகத்துக்கே வரல."

ஜன்னல் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டில் குக்கர் இரண்டு விசில் விட்டது. போய்விடலாமா என்று நினைக்கும்போது உள்ளே வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளைத் தள்ள அவருக்கு நேரமானது.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா என்ன?" என்றார். "உள்ள வந்து உக்காருங்க."

நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் உட்கார்ந்தேன். வீட்டில் பால் இல்லை என்று கடுங்காப்பி போட்டார். நான் எழுந்து தூக்கி வந்தேன், வாக்கரைப் பிடித்தபடி அவரால் டம்ளரைத் தூக்க முடியாது. உங்களுக்குச் சமையல் யார் என்று கேட்டார். நானேதான் என்றேன். இன்றைக்கு என்ன என்றார். முந்தின நாள் வைத்த சாளைக் குழம்பு என்றேன். புளி கூடப் போடுவீர்களா, குறையப் போடுவீர்களா என்று விசாரித்தார். இப்படியே ஒரு மணி நேரம் போனது. ஜெபம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

கிளம்பும்போது, சாமியாரை நன்மையோடு வரச் சொல்லட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சரியென்று தலையசைத்தார். வாசல்படி இறங்கினவனைக் கூப்பிட்டார்.

"நாலு வருசமா வாரீய. போர்ட் சார், போர்ட் சார்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. உங்க பேரு என்ன?"

தலை குனிந்தபடியே சொன்னேன், கஸ்பார் என்று. ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு உங்க பேரு மைக்ல வந்தா, அது யாருன்னு எனக்குத் தெரியணும்லா."

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் காலையில் சாமியார் நன்மை கொண்டு வந்தார். அக்கா வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது சாமியார் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது ஒரு காலையில் நான் ஐந்து வீடு போனால் அதிகம், சில வாரம் மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என் ரிப்போர்ட் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போகிற வீட்டில் உட்காருங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர்களுக்கு நம்மை யாரென்று தெரியாவிட்டால் நமக்கும் அவர்களைத் தெரியாது.

வெள்ளிக்கிழமை போக மற்ற ஆறு நாளும் என் வீடு முன்பு மாதிரி யாரும் வராமல்தான் இருக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் என்றைக்காவது ஒரு மாலையில் கோயில் மைக்கில் என் பெயர் வந்தால், மூன்றாவது தெருவில் ஓர் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, கஸ்பாருக்கு என்ன ஆச்சு என்று யாரையாவது கேட்பார்.