பூரணி அணைத்த கற்பூரம்

பூரணிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்டிவிசனில் பிறந்து, அதே டிவிசனிலேயே வாழ்க்கைப்பட்டவள். வரிசை வீடுகளாக இருக்கும் எட்டாம் நம்பர் லயத்தில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்கக் கூடாது என்று நான் ரேடியோவில் சாமிப் பாட்டு வைத்துக்கொள்வேன். அவள் குரல் ரேடியோவையும் மிஞ்சும்.

அவள் கணவர் யோகேஸ்வரன் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஆலையில், வேலை செய்கிறார். அதிகம் பேசாத மனுசன். தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்ட முதலில் போய் நிற்பவர். போன வருடம் பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது, அந்த நல்ல பெயருக்காகவே கட்சிக்காரர்கள் அவரை எங்கள் வட்டாரத்துக்கு நிறுத்தினார்கள்.

மஸ்கெலியா டவுனில் பெரிய கூட்டம் நடந்தது. தேர்தலில் நிற்கிறவர்களின் மனைவிமார் மேடைக்கு வந்து, கட்சித் தலைவருக்கு ஆரத்தி எடுத்து, மைக்கில் வணக்கம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பூரணியும் ஆரத்தி எடுத்தாள், வணக்கமும் சொன்னாள். மைக்கை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன். ஆனா லயத்துக்குத் தண்ணிக் கொழா கொண்டாரேன்னு மூணு வருசமாச் சொல்றாரு. நாங்க இன்னமும் மலை ஊத்துப் பீலிக்குத்தான் கொடம் தூக்கிட்டுப் போறோம். ஜெயிச்சும் தண்ணி வரலைன்னா, நானே அவர வீட்டுல சேக்க மாட்டேன். மேடையில இருக்கிற பெரியவங்களும் எலக்சனுக்கு எலக்சன்தான் எங்க ரோட்டுல வர்றீங்க. ரோடு எப்படி இருக்குன்னு உங்க வேனுக்கே தெரியும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. தலைவர் சிரிக்கவில்லை. யோகேஸ்வரன் தன் கழுத்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை யாரோ போனில் வீடியோவாகப் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். மறுநாள் கொழுந்து மலையில் அதே பேச்சு. எங்களோடு கொழுந்து எடுக்கும் நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டி பூரணி, சேக்க மாட்டேன்னு சொன்னியே, அண்ணன் ராத்திரி எங்க படுத்தாரு?"

"வெளியதான் விடலாம்னு பாத்தேன். மழை பேஞ்சிச்சு, பாவம்னு உள்ள விட்டுட்டேன்."

டவுனுக்குப் போனால் பஸ் கண்டக்டர், சிங்களத் தம்பி, அவளை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டான். "நோனா, எங்க பஸ்ஸப் பத்தி மட்டும் மைக்ல பேச வாணாம், ஹரித, சரியா?" பஸ்ஸே சிரித்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நிரூபா டீச்சர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர் என்னிடம் சொன்னார்: "அவ சொன்னதிலை என்ன பிழை? மேடையிலை வைச்சுச் சொன்னதுதான் ஆக்களுக்குப் பிரச்சினை."

டீக்கடைப் பக்கம் வேறு மாதிரி இருந்தது.

"பொண்டாட்டிய அடக்க முடியாதவன் சபையில போயி என்னத்தப் பேசப் போறான்?"

"எலக்சன் கேக்குறது யாருய்யா, அவனா அவளா?"

"மாலைய மாத்திப் போட்டுட்டாங்க. அக்கா கழுத்துல போட வேண்டியது."

போனில் வந்ததை அவள் மகள் வாசித்துக் காட்டுவாள். இப்படி ஒரு அக்கா எங்கள் ஊரிலும் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து எழுதியிருந்தார்கள். இதுக்குச் சோறு ஆக்கத் தெரியுமா என்று ஒருவன் எழுதியிருந்தான்.

"தண்ணி இருந்தா ஆக்குவேன்னு எழுதுடி," என்றாள் பூரணி. மகளும் அப்படியே எழுதிவிட்டாள். அதற்கும் நூறு பேர் சிரித்தார்கள்.

இதெல்லாம் யோகேஸ்வரனைத்தான் குத்தியது. ஹட்டனிலிருந்து கட்சி அமைப்பாளர் போன் எடுத்து, மனைவி இனிமேல் வாயைத் திறந்தால் உங்களுக்கு வேலை செய்ய ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மாரியம்மன் கோயிலைக் கூட்டிப் பெருக்குவது பல வருடமாக என் பொறுப்பு. அந்த வாரம் ஒரு சாயங்காலம் நான் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் வந்தார்கள். யோகேஸ்வரன் தட்டில் கற்பூரம் ஏற்றினார்.

"இந்த எலக்சன் முடியிற வரைக்கும் நீ வெளிய பேசக் கூடாது. நான் தோத்துட்டேன்னா, அதுக்குப் பொறகும் எந்தக் கூட்டத்துலயும் பேசக் கூடாது. மாதர் சங்கத்தையும் விட்டுறணும். ஆத்தா முன்னால சத்தியம் பண்ணு."

பூரணி எங்கள் மாதர் சங்கத் தலைவி. தோட்டத்துத் துரையிடமோ, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவிலோ, ஆஸ்பத்திரியிலோ எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அவள்தான் போய்ப் பேசுவாள்.

"ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சா உன் இஷ்டம்."

அவள் கொஞ்ச நேரம் அம்மன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள்.

கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் ஆட்கள் மீற மாட்டார்கள். மீறினால் பிள்ளைகளைத் தாக்கும் என்று பயம். அதிலிருந்து விடுபட ஒரு வழிதான் உண்டு. யாருக்காக அணைத்தார்களோ, அவரே அதே இடத்தில் மறுபடி ஏற்றி, "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லிப் பலனில்லை, பூசாரியும்கூட.

தேர்தல் வரைக்கும் பூரணி பேசவில்லை. வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போனபோதுகூடக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்கும் பேச்சு வந்தது. அமைப்பாளர் நன்றாகப் பூட்டுப் போட்டுவிட்டார் என்று ஆண்கள் சிரித்தார்கள். பெண்களுக்குக் கோபம்.

ஓட்டுப் போட்டது எங்கள் பள்ளிக்கூடத்தில். நாலு மணிக்கு முடித்து, எண்ணியதும் அங்கேதான். யோகேஸ்வரன் ஒன்பது வாக்கில் தோற்றார்.

எண்ணுகிற இடத்தில் அவர் பக்கத்து ஆளாக இருந்தவர் செல்லசாமி, ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து வாசலில் உட்கார்ந்தார். லயத்து ஆட்கள் சுற்றி நின்றோம்.

"யோகேசு, முப்பத்தொரு சீட்டச் செல்லாதுன்னு கழிச்சிட்டாங்க. ஒண்ணொண்ணாத் தூக்கிக் காட்டுனாங்க. ரெண்டுல ஏதோ அசிங்கமா எழுதியிருந்திச்சு, அத விடு. இருபத்துமூணுல ஓட்டுக்குப் போடுற புள்ளடியே இல்ல."

"வேற என்ன இருந்திச்சு?"

"பூரணின்னு பேரு எழுதியிருந்திச்சுப்பா. நம்ம சின்னத்துக்கு நேரா."

பூரணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் மாதர் சங்கத்தில் தலைவியைத் தெரிவு செய்வது எப்படியென்றால், கோயிலில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, ஆளுக்கொரு தாளில் பெயர் எழுதிப் போடுவோம். எழுதத் தெரியாதவர்கள்கூட அதற்காகவே அவள் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தார்கள். மறுநாள் நாகலெட்சுமி என்னிடம் அழுதாள்.

"எப்பவும் புள்ளடிதானக்கா போடுவோம். இந்தத் தரம் பூரணிக்குன்னு நெனைச்சுப் போனேன். சீட்டப் பாத்தா ஆளு பேரே இல்ல. வெறும் புள்ளடி போட்டா அது அவ வாயக் கட்டுன ஹட்டன்காரனுக்குப் போயிரும், நம்ம புள்ளைக்குப் போய்ச் சேராதுன்னு பேர எழுதிட்டேன். நான் மட்டும்னு நெனைச்சேன். பாவி, இம்புட்டுப் பேரும் எழுதியிருக்கோம்."

பூரணி வாயால் தோற்றோம் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். வாயைக் கட்டியதால் தோற்றோம் என்று பெண்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் பூரணி சங்கத்துக் கணக்குக் கொப்பியையும் ரப்பர் முத்திரையையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"கோயில்ல வைங்கக்கா. யாரு வர்றாங்களோ அவுங்ககிட்டக் குடுங்க."

யாரும் வரவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் ரேடியோ வைப்பதை விட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் போனது. தண்ணீர்த் திட்டம் ஒன்றுக்கு லயங்களைத் தெரிவு செய்யப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், லயத்துக்கு ஒரு பெண் வந்து பேச வேண்டும் என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அறிவித்தார்கள். வியாழன் சாயங்காலம் நாகலெட்சுமியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் பூரணி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பூரணியிடம் பேசாமல் யோகேஸ்வரனிடம்தான் பேசினார்கள்.

"அண்ணே, நாளைக்கு அக்காவ அனுப்புங்க."

"நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்? உங்கள்ல ஒருத்தி போங்க."

"எங்களுக்குப் பேச வராது. அதிகாரி முன்னால நின்னா காலு நடுங்கும். போன தரம் தண்ணி அஞ்சாம் நம்பர் லயத்துக்குப் போயிருச்சு, இந்தத் தரமும் வேற லயத்துக்குப் போயிரும்."

"என்னையத் தோக்கடிச்சிட்டு இப்ப வந்து நிக்கிறீங்களே."

நாகலெட்சுமி தலை குனிந்தாள். ஆனால் போகவில்லை. "தோக்கடிச்சது நாங்கதாண்ணே. எங்களத் திட்டுங்க. அவ ஒரு சீட்டுலயும் எழுதலியே."

யோகேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண்கள் கலைந்தார்கள். நான் கோயிலுக்குப் போனபோது அவர் அங்கே படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கற்பூரப் பெட்டி.

"வீரம்மாக்கா, ஊரு என்ன சொல்லுது?"

"ஊரு ஆளுக்கு ஒண்ணு சொல்லுதுப்பா. உனக்கு என்ன தோணுது, அதச் சொல்லு."

கற்பூரப் பெட்டியைத் திறந்து மூடினார்.

"ஊருக்கெல்லாம் குழி வெட்டுனேனக்கா. ஒரு சீட்டுலயாவது என் பேர எழுதியிருப்பாங்களான்னு செல்லசாமி அண்ணங்கிட்டக் கேட்டேன். இல்லைன்னுட்டாரு. அந்தக் கோவந்தான். தோத்ததுக்குக்கூட இல்ல."

நான் தட்டை விளக்கி அவர் முன்னால் வைத்தேன். வேறென்ன செய்ய? ஏற்றினார். காற்று அடித்ததால் மூன்று குச்சி செலவானது. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"விட்டேன் ஆத்தா."

பிறகு கொப்பியையும் முத்திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தாழ்ந்த குரலில் வெகு நேரம் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை பூரணி ஆபீசுக்குப் போனாள். யோகேஸ்வரன் வழக்கம்போல ஸ்டோருக்குப் போனார். அங்கே யாரோ, "என்ன யோகேசு, தலைவி கெளம்பிட்டாங்களா?" என்று கேட்டார்களாம். "ஆமா, தண்ணிக்குப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாராம்.

எங்கள் லயத்தை எழுதிக்கொண்டு போனார்கள். போன மாதம் இரண்டு பேர் வந்து தொட்டி கட்ட அளவெடுத்தார்கள். குழாய் இன்னும் வரவில்லை. பூரணி இதுவரை மூன்று தரம் ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அடுத்த தரம் எங்களையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள்.