மூடியை இறுக்கிய வைன் போத்தல்

வைனுக்கு ஊறும் முந்திரிகைப்பழ வத்தலின் புளித்த இனிப்பு வாசம்... டிசம்பர் தொடங்கினால் மன்னாரின் தாழ்வுபாட்டில் எங்கள் குசினி முழுக்க அதுதான். அடுப்பு மூலையில் ஒரு பீங்கான் சாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். காதை வைத்தால் உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கும்.

இந்தக் குழுவில் நீங்கள் எல்லோரும் வார இறுதியில் குடிக்கும் பியரையும் விஸ்கியையும் படம் பிடித்துப் போடுகிறீர்கள். நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். "நீங்கள் ஒன்றும் குடிப்பதில்லையோ அக்கா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார்.

குடிப்பேன். கேளுங்கள்...

நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாதான் வைன் போடுவார். வரும் ஆண்களுக்கு விறாந்தையில், சின்னக் கிளாசில், கேக்கோடு. பெண்களுக்குக் குசினிக்குள், தேத்தண்ணிக் கோப்பையில். கோப்பையில் குடித்தால் அது குடி இல்லை... எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய் திறந்து சொல்லாத ஒழுங்கு அது.

சண்டை நிறுத்தம் வந்திருந்த காலம். பட்டம் முடித்து மன்னாரில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். "என்.ஜி.ஓ பெட்டையள்" என்று சொல்லி ஊரில் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"உன்னைப் பற்றி ஒரு கதை என்ர காதிலை விழுந்தால், அந்த நாளோட வேலை நிக்கும்."

ஜனவரியில் எங்கள் மேலதிகாரி, ஒரு டச்சுக்காரப் பெண், நாடு திரும்ப இருந்தார். பிரியாவிடைக்குத் தலைமன்னாரில் மதியச் சாப்பாடு, ஆளுக்கொன்று வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அம்மாவுக்கு ஒரே பெருமை. மிஞ்சியிருந்த வைனைப் பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஊற்றினார். அந்த வருடம் சீனி கூடிப்போய், நத்தார் முடிந்தும் வைன் நுரைப்பது அடங்கவில்லை. அப்படியென்றால் மூடியை லேசாகத்தான் வைப்பார், காற்றுப் போக வேண்டும். அன்று முறுக்கி இறுக்கினார். அதற்கு மேல் சொப்பிங் பேக், அதற்கும் மேல் ரப்பர் பாண்ட்.

"ஏனம்மா இப்பிடி இறுக்குறீங்கள்?"

"ஒபிஸ் வானுக்குள்ளை பெடியங்கள் இருப்பாங்கள். உன்னட்டையிருந்து வாசம் வரக்கூடாது பிள்ளை."

வழியில் பேசாலை தாண்டியதும்... வெயில், பள்ளம் விழுந்த றோட்டு, மடியில் போத்தல்.

டமார்!

டிரைவர் ராசன் அண்ணை பிரேக்கை அடித்துவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். வானில் அத்தனை பேரும் சீட்டுக்குக் கீழே. அந்த மாதிரிச் சத்தத்துக்கு எங்கள் உடம்பு அப்படித்தான் பழகியிருந்தது. முதலில் தலை தூக்கியவன் என் வெள்ளைப் பாவாடையின் சிவப்பைப் பார்த்து, "மாதாவே, இவவுக்குப் பட்டிட்டுது!" என்று கத்தினான்.

பிறகு வாசம் வந்தது. பிறகு சிரிப்பு.

மற்றவர்கள் பின்னால் வந்த வாகனத்தில் ஏறிப் போனார்கள். ராசன் அண்ணை என்னை வீட்டுக்குத் திருப்பினார். செக் பொயிண்டில் ஆமிக்காரன் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தான். "மிஸ்... காலைலயே பார்ட்டியா?" நான் பாவாடையைக் கையால் மறைத்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் மணலுக்குள் வான் வராது. இறங்கி நடந்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மரத்தடியில் ஆண்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள், நடுவில் அப்பா.

பக்கத்து வீட்டு பிலோமினாக்காதான் தொடங்கினார்.

"என்ன பிள்ளை, உங்கட வேலைக் கந்தோரிலை இப்ப இதுவும் பழக்கினமோ?"

அப்பா வலையைக் கீழே வைத்தார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பாவாடையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"அது என்ர வைன், பிலோமினா. மூடியை இறுக்கினதும் நான்தான். நத்தாரண்டு குசினிக்குள்ளை குந்தியிருந்து ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்சனீ. உன்ரை மச்சாளும் குடிச்சவ, நானும் குடிச்சனான். அண்டைக்கு மணக்கேல்லையோ?"

ஆண்கள் வெடித்துச் சிரித்தார்கள். "அப்ப நாங்கள்தான் ஊருக்குள்ளை குறையக் குடிக்கிற ஆக்களோ!" என்றார் ஒருவர். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வலையைத் திரும்ப எடுத்தார்.

"போய்க் குளி. திங்கக்கிழமை வேலைக்குப் போக வேணுமெல்லோ."

வேலை தப்பியது. அந்த வேலையால்தான் தம்பி படித்தான், வீட்டுக்கு ஓடு வந்தது.

அடுத்த நத்தாருக்கும் அம்மா வைன் போட்டார். விறாந்தைக்கு ஆண்கள் வந்தார்கள். குசினிக்குள் ஒரு பெண்ணும் வரவில்லை. அடுக்கி வைத்த கோப்பைகளை அம்மா கழுவாமலே திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் வைன் போடவே இல்லை.

பாவாடையோடு ஒழுங்கையில் நடந்த வெட்கம் சில மாதங்களில் போய்விட்டது. அந்தக் கோப்பைகளை நினைத்தால் வரும் வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது நானும் கணவரும் மன்னார்ப் பட்டணத்தில் இருக்கிறோம். வைன் கடைக் கம்பி யன்னலுக்கு முன்னால் இன்றைக்கும் ஒரு பெண் போய் நிற்க ஏலாது. இவர்தான் பேப்பரில் சுற்றி வாங்கி வருவார். போன ஞாயிறு அம்மா வந்திருந்தார். தென்னாபிரிக்கச் சிவப்பு வைன் ஒன்று இருந்தது. நீளக் கால் வைத்த கிளாசில் ஊற்றி, யன்னல் வைத்து அடைத்த விறாந்தையிலேயே இருத்திக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"இது ஆர் போட்டது?"

"ஆபிரிக்காவிலை ஆரோ போட்டது அம்மா."

"நல்ல கை."

இருவரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அம்மா கிளாசை வைத்துவிட்டு எழும்பி, ஒழுங்கைப் பக்க யன்னலைச் சாத்தினார்.

நாற்பது தாண்டியவள், படித்தவள், சொந்த உழைப்பில் இருப்பவள்... நான் எழும்பிப் போய் மற்ற யன்னலைச் சாத்தினேன்.