ஆனை ஏறாத தண்டவாளம்

காட்டு ஆனை சல்லிக்கல்லில் கால் வைக்காது என்று ஆறு வருடம் நம்பியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, சொந்த மூளைதான். சப்பாத்துப் போட்ட எனக்கே தண்டவாளத்துக் கல் குத்துகிறது, வெறுங்காலோடு திரியும் ஆனைக்கு எப்படி இருக்கும்? இந்த விஞ்ஞானத்தை நடை தொடங்கும்போதே ஒவ்வொரு குழுவுக்கும் விளக்குவேன். வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிரிக்கலாம். அன்று நான் சிரிக்கவில்லை.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் எனக்கு வேலை. தம்பலகாமத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே, கல்லுடைக்கும் இடத்துக்காகப் போட்டு, பிறகு கைவிடப்பட்ட பழைய ரயில் பாதை ஒன்று கிடக்கிறது. ஆட்களை வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கி, கடைசிப் பாலம்வரை நடத்தி, அதே வழியால் திருப்பிக் கூட்டிவருவது என் பொறுப்பு. வழக்கமாகப் பதினொரு மணிக்கே முடித்துவிடுவோம். அன்று வந்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோர்களில் ஓய்வுபெற்ற ஒன்பது பேர். ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் வானை நிறுத்தியதில், பாதி வழி நடக்கவே பின்னேரம் இரண்டரை.

அங்கே, அவர்களில் ஒருவரான சிவமணி அக்கா தண்டவாளத்தில் குந்திவிட்டார்.

“தம்பி, என்ர முழங்கால் இனி ஏலாதாம். நீங்கள் போயிட்டு வாங்கோ.”

“பாதையை விட்டு மட்டும் இறங்காதேங்கோ அக்கா. கல்லிலை ஆனை ஏறாது.”

“அது ஆனைக்கும் தெரியுமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரை அங்கேயே விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரோடு நடந்தேன்.

பாலத்தடியில் நிஸ்தார் நானா லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நிறுத்தினார். கிண்ணியாக்காரர், அங்கே வயல் செய்பவர்.

“என்ன அண்ணன், இந்த நேரத்தில ஆக்களோட? ஆனை வாற நேரமெல்லோ.”

“அது வயலுக்காலதானே வரும் நானா?”

“வயலுக்குக் கரண்ட் வேலி. அது என்னத்துக்குக் கரண்டுல அடிபடுது? நடுவால நல்ல ரோட்டுக் கிடக்கு. சிலிப்பர் கட்டைக்குக் கட்டை கால் வெச்சு, ஜீ.ஏ. துரை மாதிரி நேரா குளத்துக்குப் போகும்.”

அக்காவுக்கு அடிக்கப் போனை எடுத்தேன். அக்காவின் போன் வானில் கிடந்தது. எட்டுப் பேரையும் நானாவோடு நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். அந்த ஒரு கிலோமீட்டரில் இரண்டு தரம் விழுந்தேன். தொப்பி ஒரு மதகடியில், தண்ணிப் போத்தல் இன்னொரு மதகடியில். முதலாளிக்கு என்ன சொல்வது என்று ஓடும்போதே யோசித்தேன். அக்காவின் மகனுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவே முடியவில்லை.

வளைவு திரும்பினால் அக்காவைக் காணவில்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு ஆனை. நாலு காலையும் சல்லிக்கல்லில் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. தும்பிக்கையில் அக்காவின் துணிப்பை.

பக்கத்து மரத்தில் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. “ஐயோ அக்கா!” என்று மேலே இருந்து கத்தினேன்.

“தம்பி, கத்தாதேங்கோ! அது சாப்பிடுது.”

வேலிக்கு அந்தப் பக்கம், வயல் பரணில் அக்கா. கிளி கலைக்க இருந்த பெண்ணொருத்தி அவரை மேலே ஏற்றியிருந்தாள். ஆனையைக் கண்டதும் முழங்கால் சுகமாகிவிட்டதாம். இரண்டு பேரும் ஆனையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்த வாழைப்பழம் முடிந்ததும் ஆனை கட்டைக்குக் கட்டை கால் வைத்துக் குளத்துப் பக்கம் போனது. நான் மரத்தால் இறங்க அதைவிட அதிக நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு, முதல் நாளே வயல்காரரிடம் விசாரிக்காமல் நடை தொடங்குவதில்லை. யாரையும் தனியே விடுவதுமில்லை.

“நான் சொன்ன இடத்தில ஏன் இருக்கேல்லை?” என்று அன்று திரும்பும்போது வானில் வைத்து அக்காவைக் கேட்டேன்.

“இருந்தனான் தம்பி, ரெண்டு நிமிசம். தண்டவாளம் வெயிலுக்குச் சுட்டுது. நீங்கள் தேடுவியள் எண்டு பையை வைச்சிட்டு, அந்தப் பிள்ளை வேலிப் படலையைத் திறக்க, பரணுக்குக் கீழ நிழலுக்குப் போனனான்.”

ஆனை வந்தது அதற்குப் பத்து நிமிடம் கழித்து.